எந்த வரியில் இருக்கிறது விடை?

பெங்களூரு நாகரபாவியில் இருக்கும் தேசியச் சட்டப் பள்ளியில் சேர ஆசைப்படும் பதினேழு வயதுப் பிள்ளை, இரண்டு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் ஆங்கிலச் சொற்களைப் படித்து 120 கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். கிளாட் என்று எல்லோரும் அழைக்கும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வின் இன்றைய வடிவம் இது. கேள்விகள் தனித்தனியாக வருவதில்லை. சுமார் 450 சொல் கொண்ட ஒரு பத்தி, அதன் கீழே சில கேள்விகள், பிறகு அடுத்த பத்தி என்று தாள் முழுக்க நீள்கிறது. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழிந்துவிடும். எனவே, விடை தெரியும் என்பதோடு நின்றுவிட முடியாது. அந்த விடைக்குப் பத்தியில் எந்த வரி ஆதாரம் என்று காட்டவும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் திறனைப் பள்ளிகள் கற்றுத் தருகின்றனவா? கற்றுத்தரத்தான் முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு, எந்த வழியில்? பியூசி என்ற மேல்நிலைப் படிப்பை முடித்த பிள்ளைகளின் வீடுகளில் ஒவ்வோர் ஆண்டும் எழும் இந்தக் கேள்விக்கு விடை தேட, இந்தத் தேர்வு எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கர்நாடகச் சட்டமன்றம் 1986-ல் இயற்றிய சட்டத்தால் உருவாகி, 1988-ல் வகுப்புகளைத் தொடங்கியது பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி. அதன் முதல் இயக்குநர் என்.ஆர். மாதவ மேனன் வகுத்த ஐந்தாண்டுப் படிப்பைப் பார்த்து மற்ற மாநிலங்களும் சட்டப் பல்கலைக்கழகங்களைத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் தனி நுழைவுத் தேர்வு, தனிக் கட்டணம். தேதிகள் மோதிக்கொண்டன. 2006-ல் இது பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றம் போனது. 2007 நவம்பரில் ஏழு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள, 2008-ல் முதல் பொதுத் தேர்வை நாகரபாவி நடத்தியது. பின்னர் 2017-ல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உருவானது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இன்று இந்தத் தேர்வு வழியாகவே இளநிலை மாணவர்களைச் சேர்க்கிறது.

பழைய தாளில் 200 கேள்விகள். அவற்றில் 50 பொது அறிவு. ஒரு விருதின் பெயர், ஒரு மாநாடு நடந்த ஊர் என்று ஒற்றை வரியில் கேட்டு ஒற்றை வரியில் முடியும். நினைவாற்றல் உள்ளவர் முந்துவார். 2020 தேர்விலிருந்து இது தலைகீழானது. கேள்விகள் 150 ஆகக் குறைந்தன. ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கணக்கு ஆகிய ஐந்து பிரிவுகளும் பத்தி வடிவுக்கு மாறின. 2024 தேர்வுக்கு எண்ணிக்கை 120 ஆயிற்று. வழக்குத் தீர்ப்பையும் ஒப்பந்தத்தையும் படித்துப் பொருள் சொல்வதையே பிழைப்பாகக் கொள்ளப் போகிறவரிடம் வாசிக்கத் தெரியுமா என்று கேட்பது நியாயமான மாற்றம்தான்.

அதே நகரத்தில், அதே வயதில், பொறியியலுக்குப் போகும் பிள்ளைக்கு நடப்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கர்நாடகத்தின் சிஇடி தேர்வில் பாடம் ஒன்றுக்கு 60 கேள்விகள், 80 நிமிடம். இயற்பியல், வேதியியல், கணிதம். நீண்ட பத்தி எதையும் படிக்கத் தேவையில்லை. பெங்களூரின் பியூசி வகுப்பறைகளும் பயிற்சி மையங்களும் பெரும்பாலும் இந்தத் தேர்வைச் சுற்றியே வளர்ந்தவை. ஆங்கிலப் பாடம் ‘பாஸானால் போதும்’ என்ற இடத்துக்குத் தள்ளப்பட்டது அப்படித்தான். இப்போது சட்டம், சமூக அறிவியல், வெளிநாட்டுப் படிப்பு என்று வேறு வாசல்களைத் தட்டும் பிள்ளைகள் பெருகியிருக்க, அந்த வாசல்களில் எல்லாம் வாசிப்புதான் முதல் சோதனையாக நிற்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கான சாட் தேர்வு இதில் முன்னோடி. 2016 மார்ச்சில் அது தன் மொழிப் பகுதிக்கு ‘ஆதாரம் சார்ந்த வாசிப்பும் எழுத்தும்’ என்றே பெயர் சூட்டிக்கொண்டது. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தலைவர் டேவிட் கோல்மன் முன்னின்று செய்த மாற்றம் அது. அன்றைய தாளில் 65 நிமிடத்துக்கு 52 வாசிப்புக் கேள்விகள். சில கேள்விகள் ஜோடியாக வரும். முதல் கேள்வி, ஆசிரியரின் கருத்து என்ன என்று கேட்கும். அடுத்தது, முந்தைய விடைக்குச் சிறந்த ஆதாரம் எந்த வரி என்று கேட்டு நான்கு வரிகளை நீட்டும். தற்செயலாகச் சரியான விடையைக் குறித்தவர் இரண்டாம் கேள்வியில் மாட்டிக்கொள்வார். 2023-ல் வெளிநாடுகளிலும் 2024-ல் அமெரிக்காவிலும் தேர்வு கணினிக்கு மாறியபோது இந்த ஜோடிக் கேள்விகள் போய்விட்டன. 25 முதல் 150 சொல் வரையிலான துணுக்கும் அதற்கு ஒரே ஒரு கேள்வியும் வந்தன. ஆதாரம் பற்றிய கேள்விகள் இன்னும் உண்டு. ஆனால் ஒரு முழு வாதத்தை முதலிலிருந்து கடைசிவரை மனத்தில் ஏந்திச் செல்லும் உழைப்பைத் தேர்வு இப்போது கேட்பதில்லை. இது இழப்பே. அந்த வகையில் கிளாட்டின் 450 சொல் பத்தி மேலானது.

ஆதாரம் காட்டி வாசிப்பது என்றால் என்ன என்பதை ஒரு சின்னப் பத்தியை வைத்துப் பார்ப்பது நல்லது. பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த செய்தியே போதும்:

‘2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையானபோது, குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவவும், தோட்டத்துக்குப் பாய்ச்சவும், கட்டட வேலை செய்யவும் நகரக் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது.’

இந்தப் பத்தியிலிருந்து பெறக்கூடிய முடிவு எது? நான்கு ஆப்ஷன்கள். வாகனம் கழுவுவதால்தான் தட்டுப்பாடு வந்தது என்று வாரியம் நினைத்தது; ஆழ்துளைக் கிணறுகள் வற்றியதால் தட்டுப்பாடு வந்தது; அபராதத்தால் நீர்ச் செலவு குறைந்தது; தட்டுப்பாட்டுக் காலத்தில் சில வேலைகளுக்குக் குடிநீரைச் செலவிடக் கூடாது என்று வாரியம் முடிவெடுத்தது.

நான்காவதுதான் விடை. அதற்கான ஆதாரம் பத்தியின் முதல் வாக்கியத்தில் இருக்கிறது. ஆனால் வகுப்பில் நடத்தவேண்டிய பாடம் மற்ற மூன்றில்தான் அடங்கியிருக்கிறது. இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். அந்தக் கோடையில் நகரின் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றியது உண்மை. தெருவில் தண்ணீர் லாரிக்காகக் காத்துநின்ற குடும்பத்துப் பிள்ளைக்கு அது அனுபவம். அதனாலேயே கை அங்கே போகும். என்றாலும் பத்தியில் அந்தச் செய்தி இல்லை. உண்மையான ஒன்று, கேட்ட கேள்விக்குத் தவறான விடையாக இருக்கலாம் என்பதை ஏற்க நல்ல மாணவர்களுக்கே நாளாகும். முதல் ஆப்ஷனில் இருப்பது மிகை. தடை விதித்ததால் அதுவே காரணம் என்று ஒரு படி தாவிவிட்டது. மூன்றாவது, பத்தி முடிந்த பிறகு நடந்திருக்கக் கூடியதைச் சொல்கிறது. நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம். பத்திக்கு அது தெரியாது.

தவறான ஆப்ஷன்களுக்கு இப்படி ‘இல்லாதது’, ‘மிகை’, ‘திரிபு’, ‘வேறு கேள்விக்கு விடை’ என்று பெயர் வைத்துப் பழக்கினால், மாணவர் தன் பிழைகளிலேயே ஒரு பாங்கைக் கண்டுகொள்கிறார். ஒருவர் எப்போதும் மிகையில் விழுவார். இன்னொருவர் வெளியறிவை உள்ளே கொண்டு வருவார். மாக் டெஸ்ட் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

சட்டத் தர்க்கப் பகுதியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அங்கே சட்டம் முன்பே தெரிந்திருக்கத் தேவையில்லை என்பது தேர்வின் அறிவிக்கப்பட்ட விதி. பத்தி சொல்லும் கோட்பாட்டைப் புதிய சூழலுக்குப் பொருத்திக் காட்டினால் போதும். ‘ஒரு பொருளைக் கண்டெடுத்தவர் அதைத் தன் சொந்தப் பொருளைப்போல் கவனத்தோடு காக்க வேண்டும், அவ்வளவு கவனத்துக்குப் பின்னும் அது தொலைந்தால் அவர் பொறுப்பல்ல’ என்று பத்தி சொல்வதாக வைத்துக்கொள்வோம். மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்தில் ஒருவர் ஒரு பையைக் கண்டெடுக்கிறார். உரியவரைத் தேடுகிறார். தன் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். வீட்டில் திருடு போகிறது, பையும் போகிறது. அவர் ஈடு கொடுக்க வேண்டுமா? பையைப் பறிகொடுத்தவர் ஒரு மூதாட்டி, உள்ளே மருத்துவச் செலவுக்கான பணம் இருந்தது என்று கேள்வியில் இரண்டு சொல் சேர்த்துவிட்டால், வகுப்பில் பலருடைய விடை மாறிவிடும். இரக்கம் நல்ல குணம்தான். ஆனால் பத்தி தந்த விதியில் அதற்கு இடமில்லை. 1929-ல் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டியதும் இதைப் போன்ற ஒன்றுதான். ஆசிரியர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்தபோது, நன்கு படித்த மாணவர்களும் தாளில் இருந்ததை விட்டுவிட்டு, மனத்தில் ஏற்கெனவே இருந்த உணர்ச்சிகளுக்கே பதில் எழுதினார்கள்.

ஆனால் கிளாட் தாளுக்குள்ளேயே ஒரு முரண் இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. சட்டப் பகுதியில் ‘பத்திக்கு வெளியே போகாதே’ என்று சொல்லும் அதே தாள், நடப்புச் செய்திப் பகுதியிலும் ஒரு பத்தியைக் கொடுத்து, பத்தியில் இல்லாத தகவல்களைக் கேட்கிறது. பத்தி அங்கே ஒரு முகவுரை மட்டும்தான்; விடை செய்தித்தாளில் இருக்கிறது. இருவிதமான வாசிப்பு ஒப்பந்தங்கள் ஒரே தாளில் சில நிமிட இடைவெளியில் மாறி மாறி வருகின்றன. இதை வெளிப்படையாகச் சொல்லித் தராவிட்டால், மாணவர் எந்த இடத்தில் எந்த விதி என்று குழம்புவது இயல்பு.

இனி முக்கியமான கேள்வி. இதைக் கற்றுத்தர முடியுமா?

முடியும் என்பதற்கு ஆய்வு வலுவாகவே இருக்கிறது. ஆனெமரி பாலின்சார், ஆன் பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-ல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத நடுநிலைப் பள்ளி மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். சிறு குழுவாக உட்கார்ந்து, ஒரு பகுதியைப் படித்து, அதைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது ஆகிய நான்கு செயல்கள். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு ஒவ்வொரு மாணவராக ஆசிரியரின் இடத்துக்கு வருவார்கள். மாணவர்களின் புரிதல் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது.

பத்தாண்டு கழித்து, 1994-ல், பராக் ரோசன்ஷைன், கார்லா மைஸ்டர் இருவரும் இந்த முறையைப் பரிசோதித்த 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வாளர்கள் தாங்களே தயாரித்த தேர்வுகளில் முன்னேற்ற அளவு 0.88, பொதுத் தரத் தேர்வுகளில் 0.32. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு பயிற்சி மையத்தின் சுவரிலும் எழுதி வைக்கலாம். சொல்லிக் கொடுத்த வகையான கேள்வியில் பிள்ளை வேகமாக உயர்கிறது. முன்பின் பார்க்காத தேர்வில் உயர்வு அதில் பாதிக்கும் குறைவு. பூஜ்யம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் இந்த இடைவெளி? மனவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் 2006-ல் ஒரு விளக்கம் தந்தார். வாசிப்பு உத்திகளை விரைவில் கற்றுக்கொள்ள முடியும். பலனும் விரைவில் கிடைக்கும். ஆனால் அவற்றையே மாதக்கணக்கில் பயிற்சி செய்வதால் கூடுதல் பலன் வராது. மிச்சத்தைத் தீர்மானிப்பது, படிக்கும் விஷயத்தைப் பற்றி வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான். இதற்கு 1988-ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி செய்த சோதனை நல்ல சான்று. 64 மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். தரத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த மாணவர்கள், வாசிப்பில் கெட்டியான ஆனால் ஆட்டம் தெரியாத மாணவர்களை மிஞ்சினார்கள். சின்னசாமி மைதானத்துக் கிரிக்கெட் வருணனையை வைத்து இதே சோதனையை நடத்தினால் என்ன ஆகும் என்பதைப் பெங்களூரில் எந்த ஆசிரியராலும் ஊகிக்க முடியும்.

ஆகவே ‘எல்லாம் பத்தியிலேயே இருக்கிறது’ என்பது பாதி உண்மை. விடைக்கான ஆதாரம் பத்தியில் இருக்கிறது. அந்த ஆதாரத்தை ஆதாரம் என்று அடையாளம் காணும் கண் வெளியே, பல ஆண்டுகளில் உருவாகிறது. ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம், கூட்டாட்சி, காப்புரிமை, பருவநிலை என்று எதையாவது பற்றி முன்பே நான்கு கட்டுரை படித்தவருக்கு ஐந்தாவது கட்டுரையின் பத்தி திறந்த வீடு. முதன்முறையாகப் படிப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் படி ஏறுவது மாதிரி.

வேகத்தின் கணக்கும் இதோடு சேர்ந்ததே. மார்க் பிரிஸ்பேர் 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபடி, ஆங்கிலத்தில் புனைவல்லாத எழுத்தைப் பெரியவர்கள் மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல். அந்த வேகத்தில் பத்தாயிரம் சொற்களுக்கு 42 நிமிடம் ஆகும். 120 கேள்விகளுக்கு 78 நிமிடம் மிஞ்சும். நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்கு வாசிக்கவே 67 நிமிடம் போய்விடும்; கேள்விக்கு அரை நிமிடம்கூட இல்லை. இரண்டாம் மாணவரிடம் தர்க்கம் குறைவு என்று அவருடைய மதிப்பெண் சொல்லும். உண்மையில் அவரிடம் இல்லாமல் போனது அவகாசம்தான்.

பயிற்சி மையங்கள் இதற்குக் குறுக்கு வழிகளைக் கற்றுத்தருகின்றன. கேள்வியை முதலில் படி, பத்தியின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார், ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று வரும் ஆப்ஷனை அடித்துவிடு. இவற்றில் சில சமயத்துக்கு உதவும். ஆனால் ஸ்டூவர்ட் கேட்ஸும் அவருடைய சகாக்களும் 1990-ல் வெளியிட்ட ஆய்வு, பழைய சாட் தாளின் வாசிப்புக் கேள்விகளைப் பத்தியே கொடுக்காமல் மாணவர்களிடம் கொடுத்தது. ஐந்தில் ஒன்று என்ற குருட்டு வாய்ப்பைவிட அவர்கள் நன்றாகவே விடையளித்தார்கள். ஆப்ஷன்களின் வாசனையை மட்டும் பிடித்தே ஒருவரால் கொஞ்சதூரம் போக முடிகிறது. இதையே வகுப்பில் பாடமாக மாற்றலாம். முதலில் பத்தி இல்லாமல் விடை எழுதச் சொல்லி, பிறகு பத்தியைக் கொடுத்து, எந்த விடைகள் மாறின, ஏன் மாறின என்று பேசவைத்தால், தாங்கள் வெளியிலிருந்து எவ்வளவு எடுத்து வருகிறோம் என்பது மாணவர்களுக்கே விளங்கிவிடும்.

இந்த இடத்தில் மொழியைப் பற்றிப் பேசியாக வேண்டும். கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி, அரசுப் பள்ளியில் படித்து வரும் பிள்ளைக்கு, 450 சொல் ஆங்கிலத் தலையங்கம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அந்தத் தேர்வு கணக்கில் எடுப்பதில்லை. பெங்களூரு சட்டப் பள்ளியில் படித்து, பின்னர் கொல்கத்தாவில் பேராசிரியராக இருந்த ஷம்னாத் பஷீர் 2010-ல் ஐடியா என்ற அமைப்பைத் தொடங்கியது இந்தத் தொலைவைக் குறைக்கத்தான். சட்டப் பல்கலைக்கழக மாணவர்களே தொண்டர்களாகப் பின்தங்கிய பள்ளிகளுக்குப் போய், ஆர்வமும் திறமையும் உள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து, நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தருகிறார்கள். இடம் கிடைத்த பிறகும் கூடவே நிற்கிறார்கள். கர்நாடகப் பிரிவு நாகரபாவி மாணவர்களோடு இயங்கிவருகிறது. பார்வையற்ற மாணவர்களும் இதன் வழியாகச் சட்டப் பள்ளிகளுக்குள் வந்திருக்கிறார்கள். பஷீர் 2019-ல் காலமானார், அமைப்பு தொடர்கிறது. இந்த நகரம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய வேலை இது.

அடித்தளம் எவ்வளவு பலவீனம் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை நேராகப் பார்த்தது. பதினைந்து வயதினரின் வாசிப்பை உலக அளவில் சோதிக்கும் பீசா ஆய்வின் 2009 சுற்றில், கூடுதல் கட்டமாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. பட்டியலின் அடிமட்டத்தில் இரண்டு மாநிலங்களும். தமிழ்நாட்டு மாணவர்களில் வாசிப்பின் அடிப்படை நிலையை எட்டியவர்கள் சுமார் 17 சதவீதம். பீசா கேட்பதும் இதே திறன்தான். பத்தியில் தகவலைத் தேடு, பகுதிகளை இணைத்துப் பொருள் காண், எழுதியவர் சொன்னதை எடைபோடு. பாடப்புத்தகத்தின் ‘புக் பேக்’ கேள்விகளிலும் கைடுகளிலும் வளர்ந்த பிள்ளைக்கு, தான் முன்பு பார்க்காத பத்தி ஒன்று எதிரே வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. 14 முதல் 18 வயதினரை ஆராய்ந்த 2023 ஏசர் அறிக்கையும் கவலை தருகிறது. கிராமப்புற இளையோரில் ஏறத்தாழ கால்வாசிப் பேரால் தங்கள் மாநில மொழியிலேயே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடியவில்லை.

எனவே ஆதாரம் தேடும் பழக்கத்தை ஆங்கிலத்தில்தான் தொடங்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது போல, ஒரு மொழியில் வளர்ந்த கல்வித்திறன் இன்னொரு மொழிக்கு நகரும். தமிழிலோ கன்னடத்திலோ ஒரு தலையங்கத்தைப் படித்து ‘எழுதியவர் எங்கே அப்படிச் சொல்கிறார், காட்டு’ என்று பழக்கிவிட்டால், ஆங்கிலப் பத்தி வரும்போது சொற்களோடு மட்டும் போராடினால் போதும். 2022-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வான கியூட், தமிழும் கன்னடமும் உட்பட 13 மொழிகளில் மொழித்தாள் வைத்திருக்கிறது. அதன் மையமும் வாசித்துப் பொருளறிதல்தான்.

ஆதாரம் காட்டி வாசிப்பது தமிழுக்கு அன்னியமானது அல்ல. நன்னூலை எழுதுவித்த சீயகங்கன், கோலாரைப் பழைய தலைநகராகக் கொண்ட கங்கர் வழியில் வந்தவன் என்பார்கள். அந்தக் கோலார் பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவு. அந்த நூல் உரைக்கு வகுக்கும் 14 கூறுகளில் வினாவும் விடையும் உண்டு, துணிவும் உண்டு, ஆசிரிய வசனம் என்ற மேற்கோளும் உண்டு. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தன் பொருளைச் சொல்வதோடு நிற்க மாட்டார். வேறு பாடம் கொண்டு வேறு பொருள் சொல்வாரை எடுத்துக்காட்டி, அது ஏன் பொருந்தாது என்று காரணமும் தருவார். தவறான ஆப்ஷனைக் காரணத்தோடு விலக்கும் கலையை வகுப்பில் காட்ட, அவருடைய உரையில் இரண்டு பக்கம் போதும்.

வாசிப்பவரிடம் ஆதாரம் கேட்கும் தேர்வு, தானும் ஆதாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று நடந்த கிளாட் தேர்வின் விடைக்குறிப்பை எதிர்த்து மாணவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தைக் கடந்து, 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சுற்றுச்சூழலைக் காக்கும் கடமை யாருடையது என்பது போன்ற கேள்விகளுக்கு எது சரியான விடை என்று நாட்டின் உயர்ந்த நீதிபதிகள் உட்கார்ந்து பத்தியைப் படிக்க வேண்டியதாயிற்று. பலருடைய கனவுகள் தொங்கும் தேர்வில் கேள்விகள் அமைக்கப்பட்ட அக்கறையற்ற விதத்தைப் பற்றி நீதிமன்றம் தன் வருத்தத்தை வெளிப்படையாகவே பதிவுசெய்தது.

கொள்குறி வினா வடிவத்திலேயே ஒரு வரம்பு இருக்கிறது. நான்கில் ஒன்றைக் குறித்தவர் அதை எந்தக் காரணத்தால் குறித்தார் என்பது தாளுக்குத் தெரியாது. நாகரபாவி தன் மூன்றாண்டு எல்எல்பி படிப்புக்கு 2022 முதல் நடத்திவரும் என்எல்சாட் தேர்வு இதற்கு ஒரு மாற்றைக் காட்டுகிறது. அதில் முதல் பகுதி கொள்குறி. இரண்டாம் பகுதியில் சொந்த வாக்கியத்தில் காரணத்தோடு எழுத வேண்டும். திருத்துவதற்கு ஆளும் நேரமும் பிடிக்கும். பல்லாயிரம் பேர் எழுதும் கிளாட்டில் அது எளிதல்ல. ஆனால் அறுபது பேர் உட்காரும் பியூசி வகுப்பில் அதற்குத் தடை இல்லை. வாரத்தில் ஒரு பீரியட், ஒரு பத்தி, மூன்று கேள்வி. ஒவ்வொரு விடைக்கும் கீழே அந்த வரி, அதற்குக் கீழே ‘எனவே’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம். பக்கத்தில் இருப்பவர் அதை மறுக்க வேண்டும். மறுக்க முடிந்தால் விடையை மாற்றலாம். அந்த வாரத்தின் பத்தி எந்த விஷயத்தைப் பற்றியதோ, அடுத்த மூன்று வாரப் பத்திகளும் அதே விஷயத்தைச் சுற்றி வந்தால் அறிவும் கூடவே சேரும். இதற்கு நூலகத்தில் ஒரு ஆங்கில நாளிதழும் ஒரு கன்னட அல்லது தமிழ் நாளிதழும் இருந்தால் போதும்.

கிளாட்டை நடத்தும் கூட்டமைப்பின் பங்குக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தேர்வு முடிந்ததும் வெளியாகும் விடைக்குறிப்பில் கேள்வி எண்ணும் விடையின் எழுத்தும் மட்டும் இருக்கின்றன. ஆட்சேபம் சொல்ல வேண்டுமானால் கேள்வி ஒன்றுக்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும். கூலி வேலை செய்யும் தாயின் பிள்ளை அந்தப் பணத்தைக் கட்டி ஆட்சேபம் எழுப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் பத்தியில் அதற்கு ஆதாரமான வரி எண்ணையும், மற்ற மூன்று ஆப்ஷன்களும் விலக்கப்பட்ட காரணத்தையும் அச்சிட்டு இலவசமாக வெளியிட்டால், அவற்றை எழுதும்போதே தவறான கேள்விகள் தேர்வுக்கு முன்பே அமைப்பவர்களின் கண்ணில் பட்டுவிடும். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு, ஆண்டுக்கு 120 கேள்விகள் வீதம் விளக்கத்தோடு கூடிய பாடநூல் ஒன்றும் அப்படியே சேர்ந்துவிடும்.